கட்டடக் கலை படிக்க எங்கே போனார்கள்?

1957ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாநிலத்தில் கட்டடக் கலை கற்க விரும்பியவர்களுக்கு இரண்டு வாசல்கள் திறந்தன. கிண்டியில், அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலைத் துறை தொடங்கியது. அதே ஆண்டு மாமல்லபுரத்தில் அரசின் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது; அதுவே பின்னாளில் அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியாக வளர்ந்தது. இரண்டுக்கும் இடையே சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரம்தான். ஒன்றில் டி-ஸ்கொயரும் டிரேசிங் தாளும். மற்றதில் உளியும் காவி நூலும்.

இந்த இரண்டில் எதற்குப் போவது என்பதை மதிப்பெண் மட்டும் முடிவு செய்யவில்லை. பிறந்த குடும்பம், வீட்டுப் பொருளாதாரம், ஊர்த் தூரம், யாரிடம் கற்க ஆசை, எந்த வயதில் ஆசை பிறந்தது, பெண்ணானால் வீட்டில் அனுப்புவார்களா, இவை எல்லாம் சேர்ந்தே முடிவு செய்தன. இந்தியாவிலும் இலங்கையிலும் கட்டடக் கலைக் கல்வி வளர்ந்த கதையைப் புரட்டினால், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இப்படியொரு சொந்தக் கணக்கு இருக்கிறது. இன்று பிளஸ் டூ முடித்துவிட்டு எந்தக் கல்லூரி என்று குழம்பும் மாணவர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் இந்தக் கதை பயன்படும். தரவரிசைப் பட்டியல் சொல்லாத பல விஷயங்கள் இதில் உண்டு.

தேர்வு என்பதே இல்லாத காலம்தான் நெடுங்காலம். ஸ்தபதி குடும்பத்தில் பிறந்த பையனுக்குத் தந்தையும் பெரியப்பாவுமே ஆசான்கள். கோயில் திருப்பணி நடக்கும் இடமே பள்ளி. முதலில் உளி தீட்டுவான். கல்லைப் புரட்டிப் போட உதவுவான். பிறகு காவியில் நனைத்த நூலைக் கல்லின் மேல் இழுத்துப் பிடித்து, சுண்டிவிட்டு, நேர்கோடு விழவைக்கக் கற்பான். அளவுகளும் வாய்மொழியாகவே வந்தன: எட்டு யவம் ஓர் அங்குலம், இருபத்து நான்கு அங்குலம் ஒரு முழம். மயமதம், மானசாரம் போன்ற நூல்களின் சூத்திரங்கள் மனப்பாடம். இந்தப் பள்ளியில் கட்டணம் இல்லை. ஆனால் வெளியார் நுழையவும் வழியில்லை.

மாமல்லபுரம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. முதலில் அதை நடத்தியவர் பிள்ளையார்பட்டிப் பரம்பரையைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி. அவர் மகன் கணபதி ஸ்தபதி கல்லூரியில் கணிதம் படித்தவர். பட்டம் பெற்ற பிறகு பரம்பரைத் தொழிலுக்கே திரும்பி, 1960களின் தொடக்கத்திலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த நிறுவனத்தின் தலைமையில் இருந்தார். சென்னையின் வள்ளுவர் கோட்டமும், 2000ஆம் ஆண்டு முதல் நாளன்று திறக்கப்பட்ட 133 அடி உயரக் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையும் அவர் கைவண்ணம். கணிதப் பட்டதாரி ஒருவர் உளிக்குத் திரும்பியதும், ஸ்தபதிக் குடும்பத்துக்குத் தொடர்பே இல்லாத மாணவர்கள் அவரிடம் வந்து சேர்ந்ததும் ஒரே வளாகத்தில் நடந்தன. ஆசானின் பெயரைப் பார்த்து வந்தவர்களே அங்கே அதிகம்.

மேலை முறைக் கல்வியின் கதை பம்பாயில் தொடங்குகிறது. ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் கொடுத்த ஒரு லட்சம் ரூபாய் நன்கொடையில் 1857இல் பிறந்த ஜே.ஜே. கலைப் பள்ளியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வரைவாளர்களுக்கான வகுப்பு வந்தது. அரசு அலுவலகங்களுக்கு வரைபடம் வரையும் ஆள் வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். அந்த வகுப்பு மெல்ல முழுமையான கட்டடக் கலைப் படிப்பாக விரிந்தது. முன்னாள் மாணவர்கள் 1917இல் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். அதுதான் 1929இல் இந்தியக் கட்டடக் கலைஞர் கழகமானது.

ஜே.ஜே.யில் நெடுங்காலம் தலைமை வகித்த கிளாட் பேட்லி என்ற ஆங்கிலேயர், பம்பாயில் பெரிய அலுவலகம் நடத்திய கட்டடக் கலைஞரும்கூட. மலபார் குன்றில் ஜின்னாவுக்கு வீடு கட்டித் தந்தவர் அவரே. மாணவர்களை அழைத்துப் போய்ப் பழைய இந்தியக் கட்டடங்களை அளந்து வரைய வைப்பது அவருக்குப் பிடித்த பயிற்சி. ஒருவர் நாடாவின் நுனியைத் தூணின் அடியில் பிடிப்பார்; இன்னொருவர் மறுநுனியில் எண்ணைப் படிப்பார்; மூன்றாமவர் எழுதிக்கொள்வார். அதன்பின் மாலையெல்லாம் பலகையில் குனிந்து, படியின் உயரத்தையும் போதிகையின் வளைவையும் அளவு மாற்றி வரைய வேண்டும். கட்டடத்தைக் கையால் தொட்டு அளந்தவனுக்கு அதன் விகிதம் மறக்காது என்பது இந்தப் பயிற்சியின் அடிப்படை.

தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தப் படிப்பை நாடியவர்களுக்குப் பல ஆண்டுகள் பம்பாய்தான் கைக்கெட்டும் ஊர். அதைத் தாண்டினால் கப்பல் ஏறி லண்டன். சென்னையில் நவீனக் கட்டடக் கலைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான எல்.எம். சித்தாலே பம்பாயிலும் லண்டனிலும் பயின்றுவிட்டு 1930களில் சென்னையில் தொழில் தொடங்கியவர். அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பிரவுன், மௌலின் ஆகிய வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்துத் தொடங்கினார்கள். சித்தாலே அதை முடித்துக் கொடுத்தார். திறப்பு விழா 1959இல். அதற்கு இரண்டே ஆண்டுகள் முன்புதான் சென்னையிலேயே பட்டப் படிப்புக்கு வழி வந்திருந்தது.

கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வாவின் கதை, ஒரு பெண் இந்தப் படிப்பை அடையக் கடந்த தடைகளை அடுத்தடுத்துக் காட்டுகிறது. தந்தை ஜார்ஜ் ஈ. டி சில்வா பெயர்பெற்ற அரசியல்வாதி. தாய் ஆக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். அப்படிப்பட்ட வீட்டிலும் மகள் கட்டடக் கலைஞராக வேண்டும் என்றபோது எளிதில் இசைவு கிடைக்கவில்லை. இலங்கையில் அப்போது கட்டடக் கலைப் பள்ளியே கிடையாது. பம்பாய் வந்தால், பள்ளி இறுதித் தகுதி குறைவாக இருந்ததால் ஜே.ஜே.யில் உடனே இடம் கிடைக்கவில்லை. அவர் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. மிஸ்திரி அண்ட் பேத்வார் என்ற அலுவலகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான பெரின் மிஸ்திரி பணிபுரிந்த அலுவலகம் அது. தொழிலில் ஏற்கெனவே நிற்கும் ஒரு பெண்ணைத் தினமும் பக்கத்தில் பார்க்கக் கிடைத்தது, அந்த வயதில் எந்த வகுப்பறையும் தந்திருக்க முடியாத வாய்ப்பு.

பிறகு ஜே.ஜே.யில் இடம் கிடைத்தது. ஆனால் 1942 வந்தது. வெள்ளையனே வெளியேறு இயக்க நாட்களில் காந்தியை விடுவிக்கக் கோரிய ஊர்வலத்தில் மினெட் கலந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் படிப்பைத் தொடரலாம் என்றது கல்லூரி. எழுத மறுத்தார், வெளியேற்றப்பட்டார். ஜெர்மனியிலிருந்து வந்து பெங்களூரில் தங்கியிருந்த கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் வேலை பார்த்தார். போர் முடிந்ததும் லண்டன் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளிக்குப் போனார். 1948இல் அரச பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அவரே முதல்வர். அடுத்த ஆண்டு கண்டிக்குத் திரும்பி, உள்ளூர் நெசவாளர், அரக்குக் கைவினைஞர்களைத் தம் கட்டடங்களில் சேர்த்துக்கொண்டார்.

அவருக்கு ஓராண்டு இளையவர் ஜெஃப்ரி பாவா. அவர் எதிர்கொண்டது வயது என்ற கேள்வியை. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், பின்னர் சட்டம், வழக்கறிஞர் பட்டம் என்று படித்து, ஊருக்குத் திரும்பி, பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்காவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதைத் தோட்டக் கலைப் படைப்பாக மாற்ற ஆரம்பித்த பிறகே, தமக்குக் கட்டடக் கலையில் போதிய அறிவில்லை என்று உணர்ந்தார். கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் அலுவலகத்தில் பயிற்சி பெற்றார். அதன்பின் லண்டன் போய், தம்மைவிடப் பல ஆண்டுகள் இளையவர்களோடு வகுப்பில் உட்கார்ந்தார். 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. கோட்டையின் நாடாளுமன்றமும் கந்தலம விடுதியும் அதற்குப் பிறகு வந்தவை. மதுரை கிளப்பும் சென்னை கன்னிமாரா விடுதியின் புதுப்பிப்பும் தமிழ்நாட்டில் அவர் செய்த வேலைகள். முதலில் தோட்டம், பிறகு அலுவலகம், கடைசியில் கல்லூரி என்று அவர் போன வரிசையே தலைகீழ். தமக்கு எது தெரியவில்லை என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டு பள்ளிக்குள் நுழைந்தவர் அவர்.

இந்தியாவில் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கா புதிய திசையாகத் தோன்றியது. கொங்கணத்தில் பிறந்து ஜே.ஜே.யில் படித்த அச்சுத் கான்வின்டே, அரசு அனுப்பிவைக்க 1945இல் ஹார்வர்டு போய் வால்டர் குரோப்பியஸிடம் பயின்றார். பின்னாளில் கான்பூர் ஐ.ஐ.டி. வளாகத்தை வடிவமைத்தார். வங்காளத்தில் பொறியியல் படித்த ஹபீப் ரஹ்மான் எம்.ஐ.டி.யில் கட்டடக் கலை கற்று வந்து, பாரக்பூரில் காந்தி காட் கட்டினார். சார்லஸ் கொரியா 19 வயதில் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார், அங்கே பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் தாக்கம் அவருக்குக் கிடைத்தது, பிறகு எம்.ஐ.டி. போனார். யூலி சௌத்ரி ஆஸ்திரேலியாவின் சிட்னியில் படித்துவிட்டு வந்து, 1951இல் சண்டிகர் நகரத் திட்டக் குழுவில் கட்டடக் கலைஞர் லு கொர்பூசியேயுடன் வேலை பார்த்தார். ஒவ்வொருவரும் போன ஊரின் பாடத்தை ஒவ்வொரு விதமாகக் கொண்டுவந்தார்கள். ஆனால் அரசு உதவியோ குடும்ப வசதியோ இல்லாத மாணவருக்கு அந்தப் பாதை மூடியே இருந்தது. கப்பல் கட்டணமும் நான்கைந்து ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கைச் செலவும் அந்நாளில் சொற்பப் பேரால்தான் முடிந்தன.

பாலகிருஷ்ண தோஷியின் கதையில் பள்ளியைவிட ஆசானின் மேசை பெரிதாகிறது. புணேயில் மரச்சாமான் பட்டறை நடத்திய குடும்பத்தில் 1927இல் பிறந்தவர் அவர். 1947இல் ஜே.ஜே.யில் சேர்ந்து, பிறகு லண்டன் போனார். 1951இல் இங்கிலாந்தின் ஹாட்ஸ்டன் ஊரில் நவீனக் கட்டடக் கலைஞர்களின் மாநாடு நடந்தபோது, லு கொர்பூசியே சண்டிகர் நகரை வடிவமைக்கப் போவதாக அறிந்து, அவரது பாரிஸ் அலுவலகத்தில் சேர வாய்ப்புக் கேட்டார். பிரெஞ்சு தெரியாது. முதல் எட்டு மாதங்களுக்குச் சம்பளமும் இல்லை. சேவ்ர் தெரு 35ஆம் எண்ணில், பழைய மடத்தின் நீண்ட தாழ்வாரம் போன்ற அந்த அலுவலகத்தில், சொல் புரியாத இடத்தில் கோடுகளைப் பார்த்தே கற்றார். கோட்டின் தடிமன், நிழலின் ஆழம், படியின் உயரம் ஆகியவை அவருக்குப் பேச்சாகின. 1954இல் அகமதாபாத் வந்து ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடம் உள்ளிட்ட கொர்பூசியேயின் பணிகளை மேற்பார்த்தார். 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

தோஷி தமக்குக் கிடைக்காத பள்ளியை மற்றவர்களுக்குக் கட்டினார். 1962இல் அகமதாபாத்தில் கட்டடக் கலைப் பள்ளி தொடங்கியது. அதுவே இன்றைய செப்ட் பல்கலைக்கழகத்தின் வேர். 1960களின் பிற்பகுதியில் எழுந்த அதன் கட்டடத்தில் செங்கல் சுவர்கள் பூச்சின்றி நிற்கின்றன. வடக்கு வெளிச்சம் ஸ்டூடியோக்களுக்குள் இறங்குகிறது. தளங்கள் அரை மாடி உயரத்துக்கு ஏறி இறங்குவதால், ஒரு வகுப்பில் நடப்பதை அடுத்த வகுப்பு மாணவர் எட்டிப் பார்க்கலாம். கதவு போட்டு மூடிய அறைகள் குறைவு. முதலாண்டு மாணவர், படிகளில் அமர்ந்து நான்காமாண்டு மாணவரின் ஜூரியை, அதாவது அவர் வேலையை ஆசிரியர்கள் விமர்சிக்கும் அமர்வைக் கேட்கலாம். ஆசிரியர்கள் பலரும் நகரத்தில் தொழில் செய்துகொண்டே வந்து கற்பித்தார்கள். எங்கே படிக்கப் போகிறோம் என்று யோசித்தவர்களுக்கு, அங்கே கட்டடமே பதில் சொன்னது: இங்கே தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் மற்ற வாசல்களும் திறந்தன. டெல்லி பாலிடெக்னிக்கில் 1941இல் ஒரு துறையாகத் தொடங்கியது, 1959இல் நகரத் திட்டப் பள்ளியோடு இணைந்து தனி நிறுவனமாயிற்று. 1961இல் சண்டிகர் கட்டடக் கலைக் கல்லூரி வந்தது. கட்டி முடிக்கப்படாத நகரமே அதன் பாடப்புத்தகம். இலங்கையிலும் அந்த 1960களில் கட்டுபெத்தையில் கட்டடக் கலை வகுப்புத் தொடங்கி, பின்னர் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நிலைத்தது. மினெட்டுக்கும் பாவாவுக்கும் கடல் கடக்காமல் முடியாது என்றிருந்த படிப்பு, அடுத்த தலைமுறைக்குப் பேருந்து தூரத்துக்கு வந்தது. வீட்டிலிருந்து போய்வரும் தூரம் என்பது சிறிய விஷயமல்ல. விடுதிச் செலவு இல்லை, பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவதில்லை, சொந்த ஊரின் கட்டடங்களையே அளந்து வரையலாம். கிண்டிக்கு வந்த மாணவர்களுக்கு மயிலாப்பூரின் திண்ணை வீடுகளும், செட்டிநாட்டு வளவும், காஞ்சிபுரத்து மண்டபமும் கைக்கெட்டும் பாடங்களாயின.

1972இல் கட்டடக் கலைஞர் சட்டம் வந்தபின் கேள்வியின் தன்மை மாறியது. அதுவரை பட்டமில்லாதவரும் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். இனிமேல் சட்டம் ஏற்ற படிப்பும், அந்தச் சட்டப்படி அமைந்த கட்டடக் கலைக் கவுன்சிலில் பதிவும் வேண்டும். 1983இல் கவுன்சில் வகுத்த விதிகள், படிப்பு ஐந்து ஆண்டு, ஒரு வகுப்புக்கு அதிகபட்சம் 40 பேர் என்று வரையறுத்தன. 2006இல் நாட்டா என்ற நுழைவுத் தேர்வு வந்தது. திருச்சியில் 1980இல் தொடங்கிய துறை உட்பட, என்.ஐ.டி.கள் வேறொரு நுழைவுத் தேர்வின் வழியே மாணவர்களைச் சேர்க்கின்றன. கல்லூரிகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டது. சட்டம் கொடுத்த பாதுகாப்பு உண்மையானது. ஆனால் அலுவலகப் பயிற்சி வழியாக மட்டுமே தொழிலுக்குள் வரும் கதவை அது மூடிவிட்டது. மினெட் போலப் பள்ளித் தகுதி குறைந்தவர் ஒருவர் அலுவலகத்தில் நுழைந்து கற்று, பிறகு பள்ளிக்கு வருவது இன்று அரிது. கோயில் கட்டும் கலையை மாமல்லபுரம் போன்ற இடத்தில் கற்பவர், தம் பட்டம் கவுன்சில் பதிவுக்கு ஏற்றதா என்பதைச் சேருமுன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையும் அதனால் வந்ததே.

இத்தனை வாழ்க்கைகளையும் அடுக்கிப் பார்த்தால், ஒரு மாணவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை தானாகவே தெரிகின்றன. எந்த வேலை கைக்குப் பிடித்திருக்கிறது? கல்லைத் தொடுவதா, கோடு போடுவதா, மாடல் செய்வதா, ஊரைப் படிப்பதா? பேட்லியும் கணபதி ஸ்தபதியும் வெவ்வேறு கைகளைத்தான் பழக்கினார்கள். கல்லூரி இருக்கும் ஊரில் பார்த்துக் கற்க என்ன இருக்கிறது? அங்கே கற்பிப்பவர்கள் கட்டடம் கட்டுகிறார்களா? பெரிய நகரத்தில் அலுவலகப் பயிற்சி எளிதில் கிடைக்கும். சிற்றூர்க் கல்லூரியில் ஆசிரியரின் நேரம் கூடுதலாகக் கிடைக்கலாம். எதை இழக்கச் சம்மதம் என்பது அவரவர் குணத்தைப் பொறுத்தது. பதினேழு வயதில் உறுதியில்லை என்றால், பாவாவின் 38 வயது நினைவில் இருக்கட்டும். ஓராண்டு ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் படிப்பின் பகுதிதான்.

பணத்தைப் பற்றிப் பெற்றோர் வெளிப்படையாகப் பேசுவது நல்லது. கல்லூரி கேட்கும் கட்டணம் ஒரு பகுதியே. பிரிண்ட், அட்டை, பலகை, மாடல் சாமான், கணினி, கல்விச் சுற்றுலா எல்லாம் ஐந்து ஆண்டும் வரும் செலவுகள். மூன்றாம் ஆண்டு படிக்கும் சீனியர் ஒருவரைச் சந்தித்தால் ஒரு செமஸ்டருக்கு என்ன ஆகும் என்று தெளிவாகச் சொல்வார். சப்மிஷன் வாரத்தில் எத்தனை இரவு விழிக்க வேண்டியிருக்கிறது, ஸ்டூடியோ எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, பெண்கள் இரவு தங்கி வேலை செய்ய ஏற்பாடு உண்டா, ஜூரியில் ஆசிரியர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் அவரிடமே கேட்கலாம். சேரும் முன் ஒரு சாதாரண வேலை நாளில் அந்த ஸ்டூடியோவுக்குள் போய், மாணவர்கள் என்ன வரைந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருவது, அட்மிஷன் படிவத்தை நிரப்பும் முன்பு செய்யவேண்டிய வேலை.